வயதான அப்பா அம்மாவுக்கு எந்த ஏற்பாடு சரி? ராத்திரியை வைத்து முடிவெடுங்கள்

வயதான பெற்றோரை எங்கே வைத்துப் பார்த்துக்கொள்வது என்ற பேச்சு எந்த வீட்டில் வந்தாலும் இரண்டு கேள்விகளைச் சுற்றியே ஓடும். மாதம் எவ்வளவு ஆகும், சொந்தக்காரர்கள் என்ன சொல்வார்கள். நான் வேறு ஒன்றைத்தான் முதலில் கேட்பேன். ராத்திரி இரண்டு மணிக்கு அம்மா எழுந்தால், கூடவே எழுந்திருக்கப் போவது யார்?

பகல் எப்படியும் ஓடிவிடும். வேலைக்கார அம்மா வந்து போவார், பக்கத்து வீட்டு மாமி எட்டிப் பார்ப்பார், பேரன் ஸ்கூல் விட்டு வந்து கொஞ்ச நேரம் டிவி போட்டுக் கொடுப்பான். ராத்திரிக்கு இருப்பது ஒரே ஆள்தான். பெரும்பாலும் மருமகள், இல்லையென்றால் உள்ளூரிலேயே வாழ்க்கைப்பட்ட மகள். அந்த ஒரு ஆள் ஆறு மாதம் ஒழுங்காகத் தூங்கவில்லை என்றால் மேலே எவ்வளவு நல்ல ஏற்பாடு செய்திருந்தாலும் அது சரிந்துவிடும். ஆகவே கீழே சொல்லும் ஒவ்வொரு வழியையும் அதன் ராத்திரியை வைத்துத்தான் எடை போட்டிருக்கிறேன். செலவு, மரியாதை, ஊர்ப்பேச்சு எல்லாம் அதற்கு அப்புறம்.

இது ஏதோ நாலு வீட்டுக் கவலை இல்லை. 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 60 வயதைத் தாண்டியவர்கள் 10.4 சதவீதம், 2021க்கான மதிப்பீடு 13.6 சதவீதம். பெரிய மாநிலங்களில் நமக்கு மேலே கேரளா மட்டும்தான். வீட்டுக்கு ஒன்று இரண்டு பிள்ளைகள், அதிலும் ஒருவர் டல்லாஸில் அல்லது துபாயில்.

வழிகளை ஒப்பிடுவதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. நிறைய வீடுகளில் அதைத் தாண்டிக் குதித்துவிட்டு, வீட்டுக்கு வந்து பார்த்துக்கொள்ள ஆள் அனுப்பும் ஏஜென்சிக்கு நேராகப் போன் போடுகிறார்கள். "அப்பா திடீர்னு என்னமோ மாதிரி பேசறார், ராத்திரி எல்லாம் தூங்கறதில்லை, இனிமே வீட்டில் வைத்துச் சமாளிக்க முடியாது" என்று முடிவெடுக்கிறார்களே, அந்தத் 'திடீர்'தான் கவனிக்க வேண்டியது. வயதானவர்களுக்குச் சிறுநீரில் கிருமித் தொற்று வந்தால் சில சமயம் காய்ச்சல், எரிச்சல் எதுவும் தெரியாது, நேராகக் குழப்பம்தான் வரும். பிரஷருக்குக் கொடுக்கும் சில நீர் மாத்திரைகளால் உடம்பில் சோடியம் இறங்கினாலும் அப்படித்தான். தைராய்டு, பி12 குறைவு (வருஷக்கணக்கில் மெட்ஃபார்மின் சாப்பிடும் சுகர்காரர்களுக்கு இது சகஜம்), காது கேளாமை, முற்றிய கண்புரை, மலச்சிக்கல் கூட. இதெல்லாம் சரிசெய்யக் கூடியவை. இரண்டு வாரத்தில் தெளிந்துவிடக் கூடிய மனிதரை, இனித் தேற மாட்டார் என்று நினைத்து அவர் வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு முதியோர் இல்லத்தில் சேர்த்துவிட்டால் எப்படி இருக்கும்? முதலில் முதியோர் மருத்துவம் தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள். சென்னையில் கிண்டியில் 2024 பிப்ரவரியில் தொடங்கிய 200 படுக்கை கொண்ட தேசிய முதியோர் நல மருத்துவமனை இதற்கென்றே இருக்கிறது. போகும்போது எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள், சித்த மருந்து, தூக்க மாத்திரை உட்பட. எந்த மாத்திரை ராத்திரியில் பாத்ரூமுக்கு எழுப்புகிறது, அதைக் காலைக்கு மாற்றலாமா என்று கேளுங்கள். நீங்களாக மாற்ற வேண்டாம். தூக்க மாத்திரையையும் நீங்களாகக் கூட்ட வேண்டாம். அரைத்தூக்கத்தில் எழுந்து பாத்ரூம் வாசலில் விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டால் கதையே மாறிவிடும்.

இதெல்லாம் பார்த்த பிறகும் நிலைமை அப்படியேதான் என்றால், அப்பா அம்மா மூன்றில் எந்த நிலையில் இருக்கிறார்கள் என்று பாருங்கள். நடமாட்டம் உண்டு, ஆனால் தனியாக விடப் பயம். அல்லது நடக்கிறார், நினைவு தப்புகிறது. அல்லது படுத்த படுக்கை. ஒருவருக்குப் பொருந்தியது இன்னொருவருக்குப் பொருந்தாமல் போவது இதனால்தான். "எங்க மாமா கோயமுத்தூர்ல ஒரு இடத்துல ஜம்முனு இருக்கார்" என்று யாராவது சொன்னால், மாமா சொந்தக் காலில் நடக்கிறாரா என்று கேளுங்கள்.

சரி, முதலில் நம் ஊரில் ரொம்பப் பழைய ஏற்பாடு, முறை வைத்துப் பார்ப்பது. பெரியவன் வீட்டில் மூன்று மாதம், சின்னவன் வீட்டில் மூன்று மாதம், பெண் வீட்டில் ஆடிக்கும் தீபாவளிக்கும் நடுவே கொஞ்சம். பார்க்க நியாயமாகத் தெரியும். பார்த்துக்கொள்பவர்களுக்கு இது நல்லதுதான், ஒருத்தருக்கே ராத்திரிப் பாரம் வராது, மூன்று மாதம் கழித்து விடுதலை உண்டு என்று தெரிந்தாலே பாதி அலுப்பு போய்விடும். ஆனால் நினைவு தப்பத் தொடங்கியவர்களுக்கு இதைவிட மோசமான ஏற்பாடு கிடையாது என்பது என் அபிப்பிராயம். இருட்டில் கதவு எந்தப் பக்கம், பாத்ரூம் எந்தப் பக்கம் என்பது அவர்களுக்குப் பழக்கத்தில்தான் இருக்கிறது, ஞாபகத்தில் இல்லை. இடம் மாறியதும் அந்தப் பழக்கமும் போய்விடும். நடமாட்டம் உள்ளவருக்கு என்றால் முறை வைக்கலாம், அதுவும் ஒவ்வொரு வீட்டிலும் பாத்ரூமில் பிடிமானக் கம்பி, வெஸ்டர்ன் டாய்லெட், கட்டிலிலிருந்து பாத்ரூம் வரை ஒரு சின்ன ராத்திரி விளக்கு இருந்தால். இன்னொன்று, அப்பாவை ஒருத்தன், அம்மாவை ஒருத்தன் என்று பிரித்து எடுத்துக்கொள்வதை மட்டும் செய்யாதீர்கள். ஐம்பது வருஷம் ஒன்றாக இருந்தவர்களை எழுபத்தெட்டு வயதில் பிரிப்பதற்கு எந்தக் காரணமும் போதாது.

இரண்டாவது, அவர்களைச் சொந்த வீட்டிலேயே, ஊரிலேயே விட்டுவிட்டு ஆள் போடுவது. நடமாட்டம் இருக்கும்வரை இதுதான் பெரும்பாலானவர்கள் விரும்புவது, எனக்கும் பிடித்தது இதுதான். திண்ணை, கோயில், பால்காரர், பேச்சுத்துணை எல்லாம் அங்கேதான் இருக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிரஷர், சுகர் மாத்திரைகள் வீட்டுக்கே வரும், தேவைப்பட்டால் பிசியோதெரபியும், படுக்கையில் இருப்பவர்களுக்கான வலி தணிப்புக் கவனிப்பும் வீட்டுக்கு வந்து செய்கிறார்கள்; ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப் பதிவு செய்துகொள்ளலாம். காசு கொடுத்து வாங்க முடிகிறவர்களும் இதைப் பயன்படுத்திக்கொள்ளலாம், கவுரவக் குறைச்சல் ஒன்றுமில்லை. ராத்திரிக்கு? அங்கேதான் இடிக்கிறது. பகல் முழுக்க ஆள் வைத்துவிட்டு ராத்திரி அவர்களைத் தனியே விடுகிறார்கள், ராத்திரி விழுந்தால் தூக்கிவிட ஆள் இல்லை. ஒரு ஆளுக்குத்தான் சம்பளம் கொடுக்க முடியும் என்றால் பகல் ஆளை விட்டுவிட்டு, சாயந்திரம் ஏழு மணிக்கு வந்து படுத்துவிட்டுக் காலையில் போகும் ஒரு அம்மாவைத் தேடுங்கள். சின்ன ஊர்களில் இப்படிப் படுக்க வரும் ஆள் கிடைப்பார், சம்பளமும் குறைவு.

மூன்றாவது, நம்மோடு நம் வீட்டிலேயே வைத்துக்கொண்டு ஏஜென்சி மூலம் அட்டெண்டர் போடுவது. நகரத்தில் இப்போது எல்லாரும் முதலில் போவது இதற்குத்தான், அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். இருபத்துநான்கு மணி நேர ஆள் என்றால் சென்னையில் மாதம் இருபதாயிரத்துக்கு மேல்தான் பேச்சே தொடங்கும். பயிற்சி பெற்ற நர்ஸ் என்றால் இன்னும் கூடும். முதலில் இந்த 'இருபத்துநான்கு மணி நேரம்' என்பதைப் புரிந்துகொள்ளுங்கள். அந்தப் பெண்ணும் மனுஷிதான், தூங்குவாள், தூங்கித்தான் ஆக வேண்டும். ராத்திரி ஒரு தடவை எழுந்து பாத்ரூமுக்குக் கூட்டிப்போக வேண்டுமென்றால் ஒரு ஆள் போதும். நாலு தடவை எழுந்திருக்கிறார், எழுந்து வாசலுக்குப் போகிறார் என்றால் ஒரே ஆளை வைத்து நடக்காது, இரண்டு ஷிப்ட் போட வேண்டும். செலவு கிட்டத்தட்ட இரட்டிப்பு. இதைச் சொல்லாமல் ஆளை வரவழைத்தால் பத்தாம் நாள் பையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவாள், நீங்களும் ஏஜென்சியைத் திட்டுவீர்கள்.

எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் மாமியாருக்கு மறதி நோய். பொழுது சாயத் தொடங்கினால் பரபரப்பு ஆரம்பித்துவிடும், மறதி நோயில் இது பலருக்கும் வருவதுதான். இரண்டு மணிக்கு எழுந்து, கும்பகோணம் பஸ் போய்விடும் என்று மஞ்சள் பையை எடுத்துக்கொண்டு கதவைத் திறப்பார். மருமகள் தாழ்ப்பாளில் ஒரு பழைய கொலுசைக் கட்டி வைத்திருந்தாள், சத்தம் கேட்டால் எழுந்துவிடலாம் என்று. கேட்கும்போது அட, நல்ல யோசனை என்றுதான் தோன்றும். அவளைக் கேட்டால், கொலுசு சத்தம் வராத ராத்திரியிலும் தூக்கம் வரவில்லை, காது அதையே எதிர்பார்த்துக்கொண்டு கிடந்தது என்பாள். அந்த வீட்டில் அட்டெண்டர் இருந்தார், பகலுக்கு. பகலில் மாமியார் பாதி நேரம் தூங்கிக்கொண்டிருந்தார்! பகல் ஷிப்டை ராத்திரிக்கு மாற்றி, பகலில் மாமியாரைத் தூங்கவிடாமல் வெயிலில் கொஞ்சம் நடக்க வைத்து, கீரை ஆயக் கொடுத்து, சாயந்திரம் நாலு மணிக்கு மேல் காப்பியை நிறுத்திய பிறகுதான் மருமகள் முகத்தில் களை வந்தது. சம்பளம் அதேதான்.

ஆள் போடும்போது முதல் நாளே பேசிவிட வேண்டிய சில்லறை விஷயங்கள் உண்டு, பெரிய சண்டைகள் எல்லாம் இதில்தான் வரும். எங்கே படுப்பார், அதே அறையிலா, பாய் போதுமா. சாப்பாடு என்ன, சைவ வீட்டில் மூன்று மாதம் ரசமும் கூட்டும் சாப்பிட்டு அலுத்துப்போய் ஓடியவர்கள் உண்டு, வாரம் ஒருநாள் வெளியே சாப்பிடக் காசு கொடுத்துவிடுங்கள். சமையலும் பாத்திரமும் அவர் வேலையா இல்லையா (இல்லை, அதையும் சேர்த்துக் கேட்டால் உங்கள் அப்பாவைப் பார்க்க அவருக்கு நேரம் இருக்காது). பொங்கல், தீபாவளி லீவில் மாற்று ஆள் வருவாரா. ஏஜென்சிக்குக் கட்டும் பணத்தில் அவர் கைக்கு எவ்வளவு போகிறது என்பதையும் கேளுங்கள், நல்ல ஆள் நிலைப்பதும் ஓடுவதும் பெரும்பாலும் அதைப் பொறுத்துத்தான். படுக்கையில் இருப்பவர் என்றால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்கத் தெரியுமா என்று சொல்லக் கேட்காதீர்கள், செய்து காட்டச் சொல்லிப் பாருங்கள். படுக்கைப்புண் வந்துவிட்டால் ஆற மாதக்கணக்காகும். உயரம் ஏற்றி இறக்கும் கட்டில், ஏர் பெட், கமோட் சேர் எல்லாம் வாடகைக்குக் கிடைக்கிறது. கட்டில் உயரமாக இருந்தால் தூக்கிப் புரட்டுபவரின் முதுகு தப்பிக்கும். அந்த முதுகு உங்களுடையதாகவும் இருக்கலாம்.

பகல் நேர மையம் என்பது நம் ஊரில் இன்னும் சரியாகப் பழகவில்லை. காலையில் விட்டுவிட்டுச் சாயந்திரம் கூட்டி வருவது. 2025-26 பட்ஜெட்டில் தமிழக அரசு அன்புச்சோலை என்ற பெயரில் 25 பகல் நேர மையங்களை அறிவித்தது. தனியாரும் பெரிய நகரங்களில் நடத்துகிறார்கள். மறதி நோய்க்கென்றால் சென்னையில் மனநலத் துறையில் வேலை செய்யும் ஸ்கார்ஃப் அமைப்பு டெம்கேர்ஸ் என்று தனியாகவே ஒரு மையம் நடத்துகிறது. பகலுக்கு மட்டும்தானே, ராத்திரிக்கு என்ன லாபம் என்று கேட்கலாம். பகலில் நாலு பேரோடு பேசி, உட்கார்ந்து எழுந்து அலுத்து வருபவர் ராத்திரி தூங்குகிறார். வேலைக்குப் போகும் மகளோ மருமகளோ வேலையை விடாமல் இருக்கவும் இது உதவும். என்னைக் கேட்டால் நடுவாந்திர நிலையில் இருப்பவர்களுக்கு இதுதான் கொடுத்த காசுக்கு மிக அதிகம் கிடைக்கும் வழி, பக்கத்தில் ஒன்று இருந்தால். ஒரு மணி நேரம் ஆட்டோவில் இழுத்துக்கொண்டு போக வேண்டுமென்றால் விட்டுவிடுங்கள்.

அடுத்து சீனியர் லிவிங், அதாவது முதியவர்களுக்கென்றே நடத்தும் குடியிருப்பு. கோவையில் இது பெரிய தொழிலாகவே வளர்ந்திருக்கிறது, காரணம் ஊரின் காற்று, தண்ணீர், ஆஸ்பத்திரிகள். பிள்ளைகள் வெளிநாட்டில் இருப்பவர்கள், கணவன் மனைவியாக, அறுபத்தைந்து எழுபது வயதில் தாங்களாகவே முடிவு செய்து போகிறார்கள். அவர்களில் பலர் சந்தோஷமாகவே இருக்கிறார்கள்: சமையல் கிடையாது, கரன்ட் பில் கட்ட நிற்க வேண்டாம், சாயந்திரம் கச்சேரி, சீட்டு. இதை முதியோர் இல்லம் என்று சொல்லி அழுகிற சொந்தக்காரர்களைப் பொருட்படுத்த வேண்டாம். ஆனால் கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒரு கேள்வியை எழுத்தில் பதில் வாங்கும்வரை விடாதீர்கள்: படுக்கையில் விழுந்துவிட்டால் என்ன செய்வீர்கள்? சொந்தச் செலவில் அட்டெண்டர் வைத்துக்கொள்ளுங்கள் என்பார்கள் சில இடத்தில். தனிப் பகுதிக்கு மாற்றுவோம், கட்டணம் வேறு என்பார்கள் சிலர். மறதி நோய் என்றால் நாங்கள் பார்ப்பதில்லை, கூட்டிப்போய்விடுங்கள் என்றும் சில இடங்களில் விதி இருக்கிறது. எண்பது வயதில் போய் இன்னொரு இடம் தேடுவதற்கா இத்தனை லட்சம் டெபாசிட்?

இடத்தைப் பார்க்கக் காலை பத்து மணிக்குப் போகாதீர்கள், அப்போது எல்லா இடமும் பளிச்சென்றுதான் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி எட்டு மணிக்குப் போய்ப் பாருங்கள். எத்தனை பேர் டியூட்டியில் இருக்கிறார்கள், அழைப்பு மணியை அழுத்தினால் எவ்வளவு நேரத்தில் வருகிறார்கள், மூத்திர வாடை வருகிறதா, ஆம்புலன்ஸ் வாசலில் நிற்கிறதா அல்லது போன் செய்தால் வருமா. அப்புறம் சாப்பாட்டு நேரத்தில் கூட உட்கார்ந்து சாப்பிடுங்கள். சில இடங்களில் ஒரு மாதம் தங்கிப் பார்க்கும் வசதி இருக்கிறது. அந்த ஒரு மாதம் தங்காமல் சொந்த வீட்டை விற்று டெபாசிட் கட்டுவதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். இதே வசதி வீட்டில் வைத்துப் பார்ப்பவர்களுக்கும் பயன்படும். பதினைந்து நாள் மட்டும் அங்கே விட்டுவிட்டு, பார்த்துக்கொள்பவர் நன்றாகத் தூங்கி எழுந்து, தன் கண்ணையும் சுகரையும் காட்டிக்கொண்டு வரலாம். அம்மாவைக் கொண்டுபோய்த் தள்ளிவிட்டார்கள் என்று யாராவது சொல்வார்கள்தான். அவர்களை அந்தப் பதினைந்து நாள் ராத்திரி வந்து படுக்கச் சொல்லுங்கள், வாயை மூடிக்கொள்வார்கள்.

பணத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. ஆஸ்பத்திரிச் செலவும் கவனிப்புச் செலவும் வேறு வேறு. 2024 முதல் 70 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள் எல்லாருக்கும், வருமானம் எவ்வளவு இருந்தாலும், மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை சிகிச்சை உண்டு. அது ஆஸ்பத்திரியில் சேர்ந்தால்தான். அட்டெண்டர் சம்பளம், டயாபர், இல்லத்து மாதக் கட்டணம் இதிலும் வராது, சாதாரண ஹெல்த் இன்சூரன்ஸிலும் வராது. மாதாமாதம் கையிலிருந்துதான் போக வேண்டும், அதுவும் எத்தனை வருஷத்துக்கு என்று தெரியாமல். ஆகவே பென்ஷன், வாடகை, பிள்ளைகள் பங்கு என்று மாத வரவை வைத்து வழியைத் தேர்ந்தெடுங்கள், சேமிப்பை வைத்து அல்ல.

பெற்றோர் படித்தால் அவர்களுக்கு ஒன்று: யார் வீட்டில் இருக்கப் போகிறீர்கள் என்பது முடிவாவதற்கு முன் வீட்டை எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். எழுதித்தான் ஆக வேண்டுமென்றால், கடைசிவரை பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே போடுங்கள். 2007ஆம் ஆண்டு பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆவது பிரிவில் அந்த நிபந்தனை மீறப்பட்டால் பத்திரத்தையே ரத்து செய்யக் கேட்கலாம். ஆர்டிஓ (வருவாய்க் கோட்டாட்சியர்) தலைமையிலான தீர்ப்பாயத்தில் மாதம் பத்தாயிரம் வரை ஜீவனாம்சமும் கேட்க முடியும். என்ன செய்வது, யாரிடம் போவது என்று தெரியவில்லை என்றால் 14567 என்ற முதியோர் உதவி எண்ணில் கேட்கலாம், காலை எட்டிலிருந்து ராத்திரி எட்டு வரை. எட்டுக்கு மேல் அதுவும் படுத்துவிடும்.

என் கணக்கைக் கேட்டால், நடமாட்டம் இருக்கிறவருக்குச் சொந்த வீடு, ராத்திரிக்கு மட்டும் துணை. மறதி தொடங்கிவிட்டால் ஒரே வீடு, பகல் மையம், ராத்திரி ஆள், இடம் மாற்றவே வேண்டாம். படுக்கையில் என்றால் வீட்டில் இரண்டு ஷிப்ட் போட வசதி இருந்தால் வீடு. இல்லையென்றால் நர்ஸ் இருக்கும் நல்ல இல்லம், மனசாட்சி உறுத்தாமல். மூன்று நிலையிலும் வீட்டில் இருக்கும் ஒரே பெண்ணே ராத்திரி பகல் இரண்டையும் பார்ப்பது என்ற வழியை நான் பட்டியலிலேயே வைக்கவில்லை. காசு செலவாகாத வழி என்று அதைத்தான் நிறைய வீடுகள் தேர்ந்தெடுக்கின்றன. அவள் விட்ட வேலையின் சம்பளத்தையும் அவளுக்கு வந்த முதுகுவலியின் மருந்துச் செலவையும் யாரும் நோட்டில் எழுதுவதில்லை.

அண்ணன் தம்பிகளுக்குள் பேசும்போது பணத்தோடு ராத்திரியையும் சேர்த்துப் பிரியுங்கள். வெளிநாட்டில் இருப்பவர் மாதாமாதம் பணம் அனுப்புகிறார் என்றால் நல்லது, அந்தப் பணம் ராத்திரி ஆளுக்கு என்று ஒதுக்கட்டும். அவர் மூன்று வாரம் லீவில் வரும்போது, திருப்பதியும் ஷாப்பிங்கும் போவதற்கு முன் முதல் வாரம் அம்மா அறையில் அவர் படுக்கட்டும், அதுவரை பார்த்துக்கொண்ட தங்கையோ மனைவியோ வேறு வீட்டில் போய்த் தூங்கட்டும். எந்த ஏற்பாடு வேண்டும் என்ற குடும்பக் கூட்டத்தை அந்த வாரம் முடிந்த பிறகு வையுங்கள்.